புள்ளடி

தேர்தல் முடிந்து மூன்றாம் நாள்
இடதுகரைப் பள்ளிக்கூடத்தைத் திருப்பித் தந்தார்கள்.
மேசைகள் இடம் மாறிக் கிடந்தன.
இரண்டாம் வகுப்பு மூலையில்
மறந்துவிட்டுப் போன மட்டை மறைப்பு ஒன்று,
நூலில் கட்டிய பாதிப் பென்சில்,
காவலுக்கு வந்த பொலிஸ்காரரின் பின்னால் வந்து
அவர்களோடு திரும்பிப் போகாத
ஒரு நாய்க்குட்டி.

சுற்றாடல் புத்தகம், பக்கம் நாற்பது:
நாம் ஒற்றுமையாக முடிவெடுப்போம்.
படத்தில் எல்லாப் பிள்ளைகளும்
ஒரே பக்கம் கையுயர்த்திச் சிரிக்கிறார்கள்.
மூடிவைத்தேன்.
நாய்க்கு ஒரு பேர் வைப்பம், என்றேன்.

மாரி, என்றாள் கேசவி.
மழையோடு வந்ததாம்.
பெட்டி, என்றான் சதுர்னன்.
வாக்குப்பெட்டிக்குக் கீழே அது படுத்திருந்ததை
ஜன்னலால் கண்டவன் அவன் ஒருவன்தான்.
ஜிம்மி என்று பின்வரிசையில் ஒரு குரல்;
ஆரெண்டு கேட்டால் ஆளில்லை.

எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்காகக்
கரும்பலகையில் ஒரு மழைத்துளி,
ஒரு சதுரம், ஒரு எலும்பு.

புள்ளடி போடுங்கோ.
புள்ளடி எண்டா என்ன ரீச்சர்?
குளத்து அலைகரையில், சேற்றில்,
கொக்கு நடந்து போனால் என்ன விழும்?
அது.
இரண்டு கோடு போதும் என்று சொல்ல மறந்தேன்.
முன்னுக்கு மூன்று விரல், பின்னுக்கு ஒன்று,
சிலர் நகமும் கீறினார்கள்.

ஒவ்வொருவராய் மட்டைக்குப் பின்னால்.
உள்ளே போனால் தலை தெரியாது,
கால் மட்டும்.
ஒரு சோடிக் கால் நெடுநேரம்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி யோசித்தது.

எதுக்குப் போட்டனீங்கள் எண்டு
ஒருத்தரும் கேக்கக்கூடாது, என்றேன்.
ஆர் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

அப்போதுதான் லக்சியன் எழுந்தான்.
நாலு மாதமாய் வகுப்பில் குரல் காட்டாதவன்.
"வீட்ட வந்து கேட்டாலுமோ ரீச்சர்?
கொப்பியோட வந்து கேட்டாலுமோ?
அம்மாவும் உப்பிடித்தான் சொன்னவ,
ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு."

மட்டைக்குள் நின்ற பிள்ளை
தலையை வெளியே நீட்டியது.
என் கையில் சோக்கட்டி இரண்டாயிற்று.

ஏழு வயதுக்கு எந்தச் சொல்லால் பிரிப்பது
அந்த வாய்மூடலையும் இந்த வாய்மூடலையும்?
அது சொல்லக்கூடாது ராசா.
இது, சொல்லத் தேவையில்லை.
இரண்டையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்,
கழித்தலில் கடன் வாங்குகிற முகத்தோடு.
விளங்கியதோ தெரியாது.
எனக்கும் அது அந்த நிமிடத்தில் கிடைத்த விடைதான்.

போன சனிக்கிழமை இதே மட்டைக்குள் நானும் நின்றேன்.
வெளியில், மோட்டார்சைக்கிளில் இருந்தபடி,
ஆருக்குப் போட்டனீர், என்றார் இவர்.
ஹெல்மெட் பட்டியைக் கொழுவிக்கொண்டே
சொல்லிவிட்டேன்.
மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை.
கேட்டார், சொன்னேன்.

எண்ணினோம், இருபத்தொரு தாள்.
பெட்டி ஒன்பது. மாரி எட்டு.
ஜிம்மிக்கு ஒன்று.
எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க
பின்வரிசை கூரையைப் பார்த்தது.
நிராகரித்தவை இரண்டு:
மூன்றுக்கும் புள்ளடி போட்டது ஒன்று,
மற்றதில் வேலி பிரிக்கிற யானை.
வெறும் தாள் ஒன்று, நாலாய் மடித்தது.

கேசவி அழுதாள்.
ஒண்டு, ஒண்டே ஒண்டு ரீச்சர்.
அடுத்த தவணை திருப்பிக் கேக்கலாமோ?
கேக்கலாம்.
அதுவரைக்கும் நான் மாரி எண்டே கூப்பிடட்டோ?
பக்கம் நாற்பதில் இதற்கு ஒன்றுமில்லை.
கூப்பிடு, என்றேன்.
நாய் இரண்டுக்கும் வாலாட்டியது.

விரலுக்கு மை வேண்டுமென்று நின்றார்கள்.
ஊதா மாக்கர், இடது சின்னிவிரல்,
இருபத்தொரு தரம்.

மணியடித்ததும் வாய்க்காலோரம் வரிசை கலைந்தது.
எதுக்கடா போட்டனி, என்று
லக்சியனை ஆரோ கேட்டது காதில் விழுந்தது.
நின்றான்.
கேட்டவனை நன்றாய்ப் பார்த்தான்.
"சொல்லத் தேவையில்லை!"
அணைக்கட்டு வரைக்கும் கேட்கக் கத்தினான்.

நாலடி நடந்து,
ஒருவரும் கேட்காமலே,
எலும்புக்கு, என்றான்.